கருவிக்கு முன் ஆசிரியர்

(ஆசிரியர் கல்வி நிறுவன விரிவுரையாளர்கள் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



நம் நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்குப் புதிய கருவிகள் வந்து சேர்ந்த வரலாறு நீண்டது. 1961-இல் தில்லியில் பள்ளிகளுக்கான தொலைக்காட்சிப் பாடங்கள் தொடங்கின. அதன்பின் செயற்கைக்கோள் வழித் தொலைக்காட்சி வந்தது, ஒலிநாடாக் கருவி வந்தது, கணிப்பொறி வந்தது, இன்று இணையமும், தொட்டால் இயங்கும் பலகையும், கைப்பேசிச் செயலியும் வந்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் நிகழ்ந்தது பெரும்பாலும் ஒன்றே. பெட்டிகள் இறக்கப்பட்டன. தலைமையாசிரியர் இருப்புப் பதிவேட்டில் கையொப்பமிட்டார். பல பள்ளிகளில் அந்தக் கருவி பூட்டிய அறைக்குள் பத்திரமாக இருந்தது. பழுதடைந்தால் பொறுப்பேற்க நேருமே என்ற அச்சம் ஒரு புறம். இதை வைத்துக்கொண்டு நாளை காலை மூன்றாவது பாடவேளையில் என்ன செய்வது என்ற தெளிவின்மை மறு புறம்.

இதற்கு ஆசிரியரைக் குறை கூறுவது எளிது. ஆனால் அது நியாயமாகாது. கருவியைப் பள்ளிக்கு அனுப்புவதற்கென்று வகுக்கப்பட்ட திட்டங்களில், அதைக் கையாளும் மனிதரை ஆயத்தப்படுத்துவது பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில்தான் இடம்பெற்றது. கருவிக்கு முன் ஆசிரியர் என்ற வரிசை எங்கெல்லாம் கடைப்பிடிக்கப்பட்டதோ அங்கெல்லாம் பயன் விளைந்தது. வரிசை மாறிய இடங்களில் பணம் செலவாயிற்று, பாடம் மாறவில்லை. ஐம்பது ஆண்டு அனுபவம் உணர்த்துவது இதையே.

செயற்கைக்கோள் தந்த பாடம்

1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை ஓராண்டுக் காலம் நடைபெற்ற செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனையை இந்த அவையில் பலரும் அறிவர். அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளின் துணையுடன், ஆந்திரப் பிரதேசம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், அன்றைய ஒரிஸ்ஸா, இராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் சென்றன. சாலை வசதிகூடச் சரிவர இல்லாத ஊர்களில் கம்பி வலையால் ஆன வட்ட அலைவாங்கிகள் நின்றன. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகள். மாலையில் வேளாண்மை, உடல்நலம் முதலியன பற்றி ஊராருக்கான நிகழ்ச்சிகள். இந்தி, கன்னடம், ஒரியா, தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளில் இவை அமைந்தன.

இச்சோதனையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வானத்தையே சுட்டிக் காட்டுவர். ஆனால் அதன் மிகச் சிறந்த பகுதி தரையில் நிகழ்ந்தது. அந்த ஓராண்டுக்குள் இருமுறை, 12 நாள் வீதம், தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பித்தலில் பயிற்சி அளிக்கப்பட்டது. பயன்பெற்றவர்கள் ஏறத்தாழ 50,000 பேர். இப்பயிற்சியைத் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவின் கல்வித் தொழில்நுட்ப மையம் உருவாக்கியது.

அப்பயிற்சி எவ்வாறு அமைந்தது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. ஆசிரியர்கள் தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டுக் கலைந்து செல்லவில்லை. வானொலி விளக்கங்கள் இருந்தன. அச்சிட்ட செயல்முறைக் கையேடு இருந்தது. எளிய பொருள்களைக் கொண்ட சோதனைப் பெட்டி இருந்தது. ஒவ்வொரு மையத்திலும் வழிநடத்தும் ஆசிரியர் ஒருவர் இருந்தார். திரையில் கண்டதைக் கையால் செய்து பார்த்து, சக ஆசிரியர்களுடன் விவாதித்த பின்னரே அன்றைய வேலை முடிந்தது. திரை என்பது அந்த ஏற்பாட்டின் ஓர் உறுப்பாக மட்டுமே இருந்தது.

ஓராண்டு முடிந்ததும் செயற்கைக்கோள் அமெரிக்க வான்பகுதிக்குத் திரும்பிவிட்டது. பல ஊர்களில் திரை இருண்டது. ஆயினும் ஒரு கண்ணாடிக் குவளையையும் மெழுகுவர்த்தியையும் கொண்டு காற்றின் இயல்பை விளக்கக் கற்றுக்கொண்ட ஆசிரியர் ஊரிலேயே இருந்தார். கருவியின் ஆயுள் குறுகியது. ஆசிரியரின் பணிக்காலம் முப்பது ஆண்டு. எதில் முதலீடு செய்தால் நீண்டநாள் பலன் கிட்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

கணிப்பொறி வந்த வழி

1984-இல் பள்ளிகளில் கணிப்பொறி அறிவு பரப்பும் 'கிளாஸ்' திட்டம் தொடங்கப்பட்டது. மின்னணுவியல் துறையும் கல்வி அமைச்சகமும் இணைந்து மேற்கொண்ட இத்திட்டம் முதற்கட்டத்தில் 250 பள்ளிகளைத் தேர்ந்துகொண்டது. பிரிட்டனில் உருவான பி.பி.சி. மைக்ரோ என்னும் கணிப்பொறிகள் வழங்கப்பட்டன. அதன் நினைவகம் 32 கிலோபைட். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம்கூட அதில் அடங்காது. அந்நாளில் அது வியப்புக்குரிய கருவியே.

உயர்கல்வி நிறுவனங்களில் அமைந்த மையங்களில் ஆசிரியர் சிலருக்குக் குறுகியகாலப் பயிற்சி தரப்பட்டது. அவர்கள் கற்றுத் திரும்பியது பெரும்பாலும் கணிப்பொறியைப் பற்றியது. கணிதத்தையோ வரலாற்றையோ கணிப்பொறியைக் கொண்டு கற்பிப்பது எங்ஙனம் என்பது அதில் சிறு பங்காகவே இருந்தது. பாடமென்பொருள்களோ ஆங்கிலத்தில், வேறு நாட்டுப் பிள்ளைகளை மனத்திற்கொண்டு அமைந்தவை. ஆகவே கணிப்பொறி அறை ஒரு தனித் தீவாயிற்று. பயிற்சி பெற்ற ஆசிரியர் இடமாற்றம் பெற்றால் அந்தத் தீவுக்குப் படகோட்டியும் இல்லாமற் போனார்.

1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இக்குறையை உணர்ந்தே ஆசிரியர் கல்வியில் கருத்தைச் செலுத்தியது. அதன் விளைவாகத் தோன்றிய மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில் ஏழு பிரிவுகள் வகுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று கல்வித் தொழில்நுட்பப் பிரிவு. மாவட்டந்தோறும் ஆசிரியருக்கு எட்டும் தொலைவில் ஒரு துணை இருக்க வேண்டும் என்ற எண்ணம் இதில் பொதிந்திருந்தது. எண்ணம் சரியானது. அப்பிரிவுக்கு உரிய ஆள்களும் கருவிகளும் கிடைத்த மாவட்டங்களில் அது வேரூன்றியது. பணியிடம் காலியாகவே கிடந்த மாவட்டங்களில் பெயர்ப்பலகையோடு நின்றது.

1996 ஜனவரியில் கர்நாடகத்தில் மேற்கொள்ளப்பட்ட முயற்சி ஒன்றும் நினைவுகூரத்தக்கது. 20 மையங்களில் கூடியிருந்த ஏறத்தாழ 850 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வாரம் செயற்கைக்கோள் வழிப் பயிற்சி நடைபெற்றது. படம் ஒரு திசையில் மட்டும் சென்றது. குரல் இரு திசையிலும் சென்றது. தொலைவில் இருந்த வல்லுநரை ஆசிரியர் தம் மையத்திலிருந்தே கேள்வி கேட்க முடிந்தது. கேட்பவராக மட்டுமே இருந்த ஆசிரியர் வினவுபவராக மாறினார். பயிற்சித் தொழில்நுட்பத்தில் நிகழ்ந்த பெரிய முன்னேற்றம் எது என்று கேட்டால், படத்தின் தெளிவைக் காட்டிலும் இந்தக் குரலையே சொல்ல வேண்டும்.

கேரளம் கண்ட முறை

2001-இல் கேரள அரசு பள்ளிகளுக்கான தகவல் தொழில்நுட்பத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்ற அத்திட்டம் 2017-இல் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது. அம்மாநிலத்தின் கல்வி வரலாறும் பொருளியல் நிலையும் தனிப்பட்டவை. அங்கு நடந்ததை அப்படியே வேறிடத்தில் நட்டுவிட முடியாது. எனினும் அங்கு கடைப்பிடித்த வரிசைமுறை எங்கும் பொருந்தும்.

முதலாவதாக, பயிற்றுநர்கள் வெளியிலிருந்து வரவழைக்கப்படவில்லை. பள்ளி ஆசிரியர்களுள் ஆர்வமும் திறமையும் உடையோர் தேர்ந்தெடுக்கப்பட்டு முதன்மைப் பயிற்றுநர்களாக ஆக்கப்பட்டனர். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் என்ன நடக்கும் என்பதை அவர்கள் அறிவர். இரண்டாவதாக, கட்டற்ற மென்பொருள் பின்பற்றப்பட்டது. உரிமக் கட்டணம் மிச்சமாயிற்று என்பதோடு, அதைத் தங்கள் மொழிக்கும் பாடநூலுக்கும் ஏற்ப மாற்றி அமைத்துக்கொள்ளும் வாய்ப்பும் ஆசிரியர்க்குக் கிடைத்தது. மூன்றாவதாக, பிள்ளைகளும் துணையாளர் ஆயினர். 2018-இல் தோன்றிய 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்கள் இதற்குச் சான்று.

2018-இல் தொடங்கிய திட்டத்தில் 8 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு 45,000 வகுப்பறைகளில் கணிப்பொறியும் படவீழ்த்தியும் அமைக்கும் பணி மேற்கொள்ளப்பட்டபோது, அவற்றை வரவேற்கும் நிலையில் ஆசிரியர் படை ஒன்று முன்னரே உருவாகியிருந்தது. 2020 ஜூன் 1 அன்று, பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்த நிலையில், அம்மாநிலத்தின் 'விக்டர்ஸ்' கல்வித் தொலைக்காட்சி வழியாகப் பாடங்களைத் தொடங்க முடிந்ததும் பல்லாண்டு ஆயத்தத்தின் பயனே. நெருக்கடி நேர்ந்தபின் ஆசிரியரை ஆயத்தப்படுத்துவது, வெள்ளம் வந்தபின் அணை கட்டுவதைப் போன்றது.

பயிற்சி என்பது எது?

கருவியை இயக்கக் கற்பிப்பது பயிற்சியின் தொடக்கம். அது அரை நாள் வேலை. எஞ்சிய வேலை மிகப் பெரியது. ஓர் எடுத்துக்காட்டு இதை விளக்கும்.

நிலவின் வளர்பிறை தேய்பிறை பற்றிய பாடத்தைக் கருதலாம். இதற்கு அழகிய அசைபடங்கள் கிடைக்கின்றன. ஆசிரியர் ஒருவர் அதைத் திரையிடுகிறார், பிள்ளைகள் வியந்து பார்க்கின்றனர், மணி அடிக்கிறது. மறுநாள், பிறை ஏன் தோன்றுகிறது என்று கேட்டால் பலர் கூறும் விடை, "பூமியின் நிழல் நிலவின்மேல் விழுவதால்" என்பதே. அது கிரகணத்துக்கு உரிய காரணம். திரை பிழையானதைக் காட்டவில்லை. ஆனால் பிள்ளையின் மனத்தில் ஏற்கெனவே குடிகொண்டிருந்த எண்ணத்தை அது தொடவே இல்லை.

ஆயத்தமான ஆசிரியர் வேறுவிதமாகத் தொடங்குவார். அமாவாசை கழிந்த பின், நாள்தோறும் சூரியன் மறைந்ததும் நிலவு வானில் எங்கே, எவ்வடிவில் தெரிகிறது என்று வரைந்துவரச் சொல்வார். முதல் நாள்களில் மேற்கே மெல்லிய பிறை. ஒரு வாரத்தில் ஏறத்தாழ உச்சியில் அரைநிலவு. பௌர்ணமியன்று கிழக்கே முழுநிலவு உதயம். ஒரே வேளையில் இடமும் வடிவமும் சேர்ந்து மாறுவதைப் பிள்ளைகளே கண்டறிவர். பிறகு வகுப்பை இருட்டாக்கி, ஒரு விளக்கைச் சூரியனாக வைத்து, கையில் பந்தை நீட்டிப் பிடித்துச் சுற்றி வரச் செய்வார். பந்தின் ஒளிபட்ட பாதியில் எவ்வளவு தமக்குத் தெரிகிறது என்பதே பிறை என்று அவர்கள் உணர்வர். இதன் பின்னரே திரைக்கு வேலை வருகிறது. பூமிக்கு வெளியே நின்று பார்க்கும் காட்சியைத் தர ஆசிரியரால் இயலாது, திரையால் இயலும். படத்தை இடையில் நிறுத்தி, "நிலவு இந்த இடத்தில் இருக்கும்போது நம் ஊரில் எப்படித் தெரியும்? உங்கள் ஏட்டில் பாருங்கள்" என்று கேட்பார். அந்த ஒரு நிமிட நிறுத்தமே பாடம்.

எப்போது கருவியைத் தொட வேண்டும், எப்போது தொடாமல் இருக்க வேண்டும் என்னும் இந்தத் தீர்ப்புத்திறனையே பயிற்சி வளர்க்க வேண்டும். ஈரத் துணியில் முளைக்கும் பயற்றைக் கையில் வைத்துக்கொண்டு, முளைத்தலைத் திரையில் காட்டுவது வீண். இதயத்தின் அடைப்பிதழ்கள் இயங்குவதையோ, பனியாறு நகர்வதையோ திரையின்றிக் காட்டுவது அரிது. இந்த வேறுபாட்டை ஆசிரியர் தம் பாடநூலின் ஒவ்வொரு அலகிலும் தாமே குறித்துப் பழக வேண்டும்.

இன்னும் சில உண்மைகளைப் பயிற்சி ஏற்றாக வேண்டும். நாட்டில் ஒரே ஆசிரியர் உள்ள பள்ளிகள் இன்றும் ஒரு இலட்சத்துக்கும் மேல். பயிற்சி வகுப்பில் காட்டும் மாதிரிப் பாடமோ ஒரு வகுப்பு, ஓர் ஆசிரியர் என்ற கற்பனையில் அமைகிறது. ஐந்து வகுப்புகளை ஒரு கூடத்தில் வைத்துக் கற்பிக்கும் ஆசிரியருக்கு, ஒரு வகுப்பு திரையுடன் இருக்க மற்றொரு வகுப்புடன் தாம் இருப்பது எப்படி என்ற பயிற்சிதான் தேவை. மின்சாரம் நின்றால் பாடம் நிற்கலாகாது. ஆகவே ஒவ்வொரு பாடத்திட்டக் குறிப்பிலும் கருவியற்ற மாற்றுவழி ஒன்று எழுதப்பட்டிருக்க வேண்டும். பாடப்பொருள் பிள்ளையின் வீட்டுமொழியில் இல்லையெனில் ஒலியை நிறுத்திவிட்டுத் தாமே விளக்கும் துணிவும் ஆசிரியருக்கு வேண்டும்.

கணக்கில் வர வேண்டியவை

ஆசிரியர் ஆயத்தம் ஏன் தொடர்ந்து பின்தங்குகிறது? நிதி வழங்கும் முறையில் இதற்கு ஒரு காரணம் உண்டு. கருவி வாங்குவது ஒருமுறைச் செலவு. மார்ச் 31-க்குள் அதை முடித்துக் காட்டலாம், எண்ணிக் காட்டலாம், நிழற்படம் எடுத்துக் காட்டலாம். ஆசிரியரை ஆயத்தப்படுத்துவது ஆண்டுதோறும் தொடரும் செலவு. அதன் பலன் ஒரு நிதியாண்டுக்குள் கண்ணுக்குத் தெரியாது. எனவே வரவுசெலவுத் திட்டத்தில் அது எளிதில் சுருக்கப்படுகிறது.

பெரிய முயற்சிகள் இல்லாமலில்லை. 2014-இல் வகுக்கப்பட்ட தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் விதிமுறைகள் கல்வியியல் பட்டப்படிப்பை ஈராண்டாக்கி, 20 வாரப் பள்ளி அனுபவத்தையும், தகவல் தொழில்நுட்பம் பற்றிய தனிப் பகுதியையும் சேர்த்தன. 2017 செப்டம்பர் 5 அன்று 'தீக்ஷா' என்னும் மின்தளம் தொடங்கப்பட்டது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய 'நிஷ்டா' பயிற்சி ஏறத்தாழ 42 இலட்சம் ஆசிரியர்களையும் பள்ளித் தலைவர்களையும் எட்டுவதை இலக்காகக் கொண்டது. பெருந்தொற்றுக்குப் பின் 2020 அக்டோபரில் அது இணையவழிக்கு மாறியது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஒவ்வொரு ஆசிரியரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் தொழில்சார் வளர்ச்சியில் ஈடுபட வேண்டும் என்றது.

இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் இவற்றை அளக்கும் கோல் மாற வேண்டும். எத்தனை பேர் பாடநெறியை முடித்தனர், எத்தனை சான்றிதழ்கள் வழங்கப்பட்டன என்ற எண்கள் மட்டும் போதா. பயிற்சி முடிந்து மூன்று மாதத்துக்குப் பின், அந்த ஆசிரியர் எத்தனை பாடங்களை அம்முறையில் நடத்தினார், அவற்றுள் எது பலன் தந்தது, எது தரவில்லை என்று கேட்கப்பட வேண்டும். பலன் தராததைக் கூச்சமின்றிச் சொல்லும் சூழல் வேண்டும். அதற்கு, மாதம் ஒருமுறை அண்டைப் பள்ளி ஆசிரியர்கள் பத்துப் பேர் கூடி, ஒருவர் நடத்தும் பாடத்தை மற்றவர் பார்த்துப் பேசும் வழக்கம் போதும். பெரிய செலவு இதற்கு இல்லை. நேரமும் நம்பிக்கையும் வேண்டும். மாவட்ட நிறுவனங்களின் விரிவுரையாளர்கள் தம் அறையை விட்டு இந்தக் கூட்டங்களுக்குச் செல்வதே அவர்கள் ஆற்றக்கூடிய தலையாய பணி.

காலம் காத்திராது

2023-24-இல் நாட்டின் பள்ளிகளில் 57 விழுக்காட்டில் கணிப்பொறி வசதி இருந்தது. 2024-25-இல் அது ஏறத்தாழ 65 விழுக்காடாக உயர்ந்தது. அதே ஆண்டில் பள்ளி ஆசிரியர் எண்ணிக்கை முதன்முறையாக ஒரு கோடியைக் கடந்தது. 2026-27 கல்வியாண்டு முதல் 3-ஆம் வகுப்பிலிருந்தே செயற்கை நுண்ணறிவை அறிமுகப்படுத்தப் போவதாக 2025-இல் கல்வி அமைச்சகம் அறிவித்தது. கருவி ஓட்டமாக ஓடி வருகிறது. கேட்ட கேள்விக்கு நொடியில் விடையெழுதித் தரும் இந்தப் புதிய கருவி, முந்தைய எதனையும்விட ஆசிரியரின் தீர்ப்புத்திறனை நாடி நிற்கிறது. விடை சரியா என்று பார்க்கவும், விடையைக் காட்டிலும் வழிமுறை முக்கியம் என்று பிள்ளைக்கு உணர்த்தவும் வகுப்பில் ஒருவர் இருந்தாக வேண்டும்.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கருவியும் வழிகாட்டியும் வீட்டிலேயே கிடைக்கும். அவ்வாய்ப்பு இல்லாத பிள்ளைக்குப் பள்ளி ஒன்றே வழி; அங்கும் கருவி மட்டும் இருந்து ஆயத்தமான ஆசிரியர் இல்லையெனில், இருவருக்கும் இடையேயான தொலைவு கூடவே செய்யும். சமநிலையை உண்டாக்க வந்த கருவியே ஏற்றத்தாழ்வை வளர்த்துவிடும்.

1975-இல் பீகாரிலும் இராஜஸ்தானிலும் கிராமத்து மையங்களில் கூடியிருந்த ஆசிரியர்களின் கையில் ஒரு சோதனைப் பெட்டியும் ஒரு கையேடும் இருந்தன. அருகே ஒரு வழிகாட்டி இருந்தார். ஐம்பது ஆண்டு கழித்துப் பெட்டிக்குப் பதிலாக மின்பலகை வந்திருக்கலாம். அருகே இருக்கும் அந்த வழிகாட்டிக்கு மாற்று இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. அடுத்த முறை ஒரு பள்ளிக்குப் புதிய கருவி ஒதுக்கப்படும்போது, ஒதுக்கீட்டு ஆணையின் முதல் வரியில் கருவியின் விலையும் இரண்டாம் வரியில் அதைக் கையாளப் போகும் ஆசிரியரின் ஆயத்தத்துக்கான தொகையும் ஒருசேர இடம்பெறுமானால், பூட்டிய அறைகள் பல திறக்கும்.